உருக்கெண்ணெயும் மூத்தம்மாவின் குதிக்காலும்

கல்முனைக்குடியில் எங்கள் வளவு கடலுக்குக் கிட்ட. இஷாத் தொழுது முடிந்ததும் மூத்தம்மா விறாந்தையில் பாய் விரித்துக் காலை நீட்டி இருப்பா. "மனே, எண்ணெய்ப் போத்தல எடுத்துக் கொண்டு வா" என்று கூப்பிடுவா. பேரப்பிள்ளைகளில் இளையவனான எனக்குத்தான் அந்த வேலை.

போத்தலில் இருப்பது வீட்டு உருக்கெண்ணெய். தேங்காய்ப்பாலைச் சிறுதீயில் மணிக்கணக்காகக் காய்ச்சி உம்மா எடுத்தது. எண்ணெய் தெளியும் நாளில் வாசம் பக்கத்து வளவு வரைக்கும் போகும். சட்டியடியில் முறுகி நிற்கும் சக்கைக்குச் சீனி தூவித் தின்ன எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும். மூத்தம்மா மட்டும் தொடமாட்டா. அவவுக்குச் சீனி வருத்தம்.

செருப்பில்லாமல் மணல் முற்றத்திலும் கிணற்றடியிலும் நடந்தே காய்த்துப்போன கால் அது. குதிக்காலைச் சுற்றி வெடிப்பு ஆழமாக ஓடும். எண்ணெய் தேய்க்கும்போது என் உள்ளங்கையில் சுரசுரவென்று கீறும். முதலில் மருதமுனைச் சாரத்தின் பழைய துண்டால் விரல் இடுக்குகளை ஒற்றி எடுக்க வேண்டும். நாளுக்கு ஐந்து நேரம் வுழு எடுப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஈரம் காய்வதேயில்லை. இடக்கைச் சுண்டுவிரலால் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. கழுவியதைத் துடைக்கத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு பாதத்தின் மேலும் அடியிலும் குதிக்காலிலும் எண்ணெய். "இடுக்குக்குள்ள பூசிடாத மனே, கிளினிக் மிஸி சொல்லியிருக்கா, அங்க ஊறிப் புண் வந்திடும்" என்று ஒவ்வொரு ராவும் சொல்லுவா. கடைசியாக விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாதம் முழுவதையும் பார்த்து, சிவப்போ கொப்புளமோ கீறலோ இருந்தால் சொல்ல வேண்டும். அவவின் கண்ணும் மங்கியிருந்தது, காலும் மரத்திருந்தது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் மூத்தவாப்பா. வட்டைக்குப் போய்வந்த ஒரு நாள் அவருடைய உள்ளங்காலில் ஆணி ஏறியிருக்கிறது. அவருக்கும் சீனி வருத்தம், நோவு தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் வீடு அறிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் அவர் அதிக காலம் இருக்கவில்லை.

மருத்துவப் புத்தகங்களைப் படிக்கும் வயது வந்த பிறகு மூத்தம்மாவின் ஒவ்வொரு விதிக்கும் காரணம் கிடைத்தது. இரத்தத்தில் சீனி பல வருசம் கூடி நின்றால் நரம்புகள் கெடும். நோவைச் சொல்லும் நரம்போடு வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பும் கெடுவதால் பாதம் வரண்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பு கிருமிக்குத் திறந்த வாசல். எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தருவதில்லை, உள்ள ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கிறது. அதனால்தான் கழுவித் துடைத்த கையோடு பூச வேண்டும். வரண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்குச் சமமாக உதவுவதைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 34 பேரிடம் சோதித்து 2004இல் எழுதினார்கள்.

எங்கள் மாமா ஹஜ்ஜிலிருந்து வரும்போது ஸம்ஸம் தண்ணீரோடு சைத்தூன் (ஒலிவ்) எண்ணெயும் கொண்டுவந்தார். வீட்டில் அதற்கு மரியாதை அதிகம். ஆனால் 2013இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைத்தூன் எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளரச் செய்வதையும் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யாததையும் கண்டார்கள். சைத்தூன் உணவில் நல்லது. வெடித்த காலுக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். மாமா இன்னொன்றும் சொன்னார்: மக்காவின் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்து, சுடுவது தெரியாமலே பாதம் வெந்துபோன சீனி வருத்தக்காரர்களை அங்கே கண்டாராம். நம்முடைய கடற்கரை மணலும் நண்பகலில் அதைத்தான் செய்யும்.

மூத்தம்மா கடைசி வரைக்கும் இரண்டு காலோடும் நடந்தா. சீனியை அடக்கியது மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும். காலைக் காத்ததில் எண்ணெய்க்குப் பங்கிருந்தது. ஒவ்வொரு ராவும் ஒருவர் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்ததற்கு அதைவிடப் பெரிய பங்கிருந்தது. எண்ணெய் பூசாத ராவில் காலைப் பார்க்க வேறு சாட்டு வீட்டில் கிடையாது.

உங்கள் வீட்டிலும் சீனி வருத்தத்தோடு ஒரு உம்மாவோ வாப்பாவோ இருப்பார்கள். இன்று ராவே அவர்களின் காலைக் கழுவி, இடுக்குகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, வெளிச்சத்தில் பாருங்கள். பூசிய காலோடு ஈரத்தரையில் நடக்க விடாதீர்கள், வழுக்கும். புண்ணோ கொப்புளமோ கறுப்போ கண்டால் எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்துவிட்டு, அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.