கேட்டுவிட்டு வரைந்தவர்

போன தவணை என் வகுப்பில் வாசிப்பு மூலை ஒன்று அமைத்தேன். சொந்தச் செலவில் பெயின்ட், பாய், புத்தக ராக்கை. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பிள்ளைகள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

மெதுவாக வாசிக்கும் பிள்ளை ஒன்றிடம் ஏன் மகள் என்று கேட்டேன்.

"ஜன்னலால எல்லாரும் பாக்காங்க டீச்சர். எழுத்துக்கூட்டி வாசிச்சா சிரிப்பாங்க."

யாருக்காகச் செய்தேனோ, அவளிடம்தான் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லூரிக் காலத்தில் மினெட் டி சில்வா பற்றி வாசித்தது நினைவுக்கு வந்தது. கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர். 1950களில் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியர்களுக்கு 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டத்தை வடிவமைத்தார். வரப்போகிறவர்கள் பல இனம், பல மதம். அவர்களைச் சந்தித்து, கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறார்கள், என்ன தேவை என்று அறிந்த பிறகுதான் வீட்டு மாதிரிகளை வரைந்தார்.

நானும் பிள்ளைகளைக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் இருட்டான ஓர் இடத்தைக் காட்டினார்கள். ராக்கையை அங்கே மாற்றி, ஒரு பல்ப் போட்டோம். படம் எடுத்துப் போடும் அளவுக்கு அழகில்லை. ஆனால் நேற்று அந்தப் பிள்ளை அங்கிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

நம்ம ஊரில் அடுத்து எதைக் கட்டினாலும், பாவிக்கப் போகிறவர்களை முதலில் கேட்போமா?