ஜோத்பூரில் மழைக்குக் காத்திருந்தோம்

"மாற்றல் ஆர்டர் வந்துடுச்சு. ஜோத்பூர்" என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு பத்தே மாசம். அதுவும் போய்ச் சேர்ந்தது எப்போது தெரியுமோ? 2016 ஏப்ரல் கடைசியில்! கோடைக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் உண்டு. பாலைவனத்துக்குப் போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நான் கடலூர்க்காரி. 2015 மழையில் ஊரே மிதந்ததைப் பார்த்துவிட்டு, ஆறு மாசம்கூட ஆகாமல், மழை என்றால் என்ன விலை என்று கேட்கிற சீமைக்குப் போய் இறங்கினேன்.

வெயில் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஜோத்பூரிலோ உடம்பில் ஒரு பொட்டு வியர்வை கிடையாது. துவைத்த புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் புடவை காய்ந்து மொரமொரவென்று நிற்கும். "நம்ம ஊருக்கு இது தேவலைங்க, கசகசப்பே இல்லை" என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மெஹ்ரான்கர் கோட்டைக்குக் கீழே நீல வர்ணம் பூசிய வீடுகள் வரிசையாக இருக்கும். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாங்கள் இருந்தது அங்கே இல்லை, ஊருக்கு வெளியே ஒரு மாடிப் போர்ஷனில். கீழ் வீட்டு அம்மாளை எல்லோரும் 'காகீஸா' என்பார்கள். காகீ என்றால் சித்தி. 'ஸா' என்பது நம் 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. காலை ஒன்பது மணிக்கே கதவு, ஜன்னலை அடைத்துத் திரை போட்டுவிடுவார். வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலரில் தண்ணீர் ஊற்றினால் வீடு முழுவதும் கோயில் வாசனை! பத்து மணிக்கு மேல் 'லூ' என்கிற அனல் காற்று வீசும். வெளியே போகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு வெங்காயமும் போட்டுக்கொள்வார்கள். வெங்காயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சிய 'ராப்' குடித்தபோது, நம் கம்மங்கூழின் அக்கா மாதிரி இருந்தது.

மே 19-ம் தேதி, ஜோத்பூரிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. நம் நாட்டில் பதிவானதிலேயே அதுதான் அதிகம்.

அந்த வாரத்தில் ஒரு நாள். வடாம் போட இதைவிட நல்ல ஊர் ஏது என்று விடிகாலையிலேயே மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்துவிட்டு வந்தேன். சின்னவள் தூங்கினாள். பதினோரு மணிக்கும் தூங்கினாள். சமர்த்தாகத் தூங்குகிறாளே என்று நான் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மோர் கொடுக்க வந்த காகீஸா குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். "காலையிலிருந்து எத்தனை துணி நனைத்தாள்?" என்று கேட்டார்.

யோசித்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு துணிகூட நனையவில்லை! எழுப்பினால் முனகினாள், அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. உதடு உலர்ந்து, உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது.

காகீஸா அதட்டியபடியே உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். டாக்டரிடம் ஓடினோம். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மடி நனைந்தது. அந்த ஈரப் புடவையை மாற்றவே எனக்கு மனசு வரவில்லை.

வியர்க்கவில்லை என்று நினைத்தேனே, அதுதான் தப்பு. வியர்வை வருகிறது, வறண்ட காற்று அதை நாம் பார்ப்பதற்குள் நக்கிவிடுகிறது. குழந்தை வைத்திருக்கும் தங்கைகளே, நனைகிற துணியை எண்ணுங்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்டதென்றால் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது. உடம்பு அனலாகக் கொதித்து, நினைவு தடுமாறினால் ஜுர மருந்து கேட்காது. ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மே 25 வாக்கில் 'நவ்தபா' ஆரம்பித்தது. சூரியன் ரோகிணியில் நுழைந்ததும் வரும் ஒன்பது நாள், நம் அக்னி நட்சத்திரத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். "இந்த ஒன்பது நாள் நன்றாகக் காய்ந்தால்தான் மழை வரும்" என்று காகீஸா சந்தோஷப்பட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் என் வீட்டுக்காரர் சொன்னார், அதில் விஷயம் இருக்கிறதாம். பாலைவனம் சுட்டெரிக்கும்போது மேலே எழும் காற்றினால் அங்கே காற்றழுத்தம் குறைகிறது. அதுவும் சேர்ந்துதான் கடலிலிருந்து பருவக்காற்றை இழுக்கிறதாம். வானிலை இலாகா ஏப்ரலிலும் மே கடைசியிலும் மழைக் கணிப்புச் சொல்லும். காகீஸாவின் கணிப்பு வேறு: ஆள்காட்டிக் குருவி எத்தனை முட்டை இட்டது, மேட்டிலா பள்ளத்திலா என்று வயற்காட்டுக்காரர்களை விசாரிப்பார்!

ஜூனில் அவர் தன் பிறந்த ஊருக்கு எங்களையும் அழைத்துப் போனார். பார்மேர் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே வீட்டுக்கு வீடு 'டாங்கா' என்று தரைக்கடியில் கட்டிய தொட்டி. சுற்றிலும் சரிவான களம். மழைக்கு முன்னால் பெண்கள் அந்தக் களத்தை நம் வாசல் மாதிரிப் பெருக்குகிறார்கள். செருப்புக் கால் படக்கூடாது, ஆடு மாடு ஏறக்கூடாது. ஜைசல்மேர்ப் பக்கம் வருஷத்துக்கே சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. சொட்டைக்கூட விட மனசு வருமா?

ஆனால் இதே பார்மேரில் 2006 ஆகஸ்டில் சில நாட்களில் ஒரு வருஷத்து மழைக்கு மேல் கொட்டி, கவாஸ் என்கிற கிராமம் முழுகிப் போனது. மணலுக்கு அடியில் ஜிப்சப் பாறை இருப்பதால் தண்ணீர் உறிஞ்சாமல் மாசக்கணக்கில் நின்றதாம். கேட்டதும் எனக்குக் கடலூர் ஞாபகம் வந்துவிட்டது.

திரும்பி வந்த வாரம் 'ஆந்தி' வந்தது. மேற்கே பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழுந்து வருகிற மாதிரி இருந்தது. சாயங்காலமே ராத்திரியாகிவிட்டது. கதவை அடைத்தும் பல்லில் மணல். மாடியில் இரண்டாம் தடவையாகப் போட்ட வடாம் அத்தனையும் பாழ்! அடுத்து நாலு தூறல், ஒரே இடி. அவ்வளவுதான், போய்விட்டது.

நிஜ மழை ஜூலையில் வந்தது. தெருவில் எல்லோரும் வெளியே நின்றார்கள். மண் வாசனை நம் ஊரைவிட இரண்டு பங்கு. இடி ஓய்ந்த பிறகு சின்னவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அதுவரை மழையைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு ஏது? முகத்தில் விழுந்ததும் மூச்சுத் திணறிப் பிறகு சிரித்தாள். "சளி பிடிக்கும், கீழே வா!" என்று காகீஸா கத்தினார். கத்திக்கொண்டே அவரும் முற்றத்தில் நனைந்துகொண்டுதான் இருந்தார்.

மறுநாளிலிருந்து கூலர் வேலை செய்யவில்லை. காற்றில் ஈரம் வந்துவிட்டால் அதற்குச் சக்தி போய்விடும். வியர்க்குரு வந்தது, கொசு வந்தது. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. செப்டம்பர் நடுவில் பருவமழை நாட்டை விட்டுக் கிளம்பும்போது முதலில் விடைபெறுவதும் அந்தப் பக்கத்திடம்தான்.

மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். இப்போதும் மே கடைசியில் காகீஸாவுக்குப் போன் பண்ணுகிறேன். முதலில் குருவி முட்டையைப் பற்றிச் சொல்வார். அடுத்து, "சின்னவள் தண்ணீர் குடிக்கிறாளா?" என்பார்.