பலர் கூடி இழுக்கும் தேர்

ஊர் கூடித் தேர் இழுக்கும் நாளில், வடம் பிடிக்க வருவோரிடம் எவரும் பட்டம் கேட்பதில்லை. ஆயினும், பிறரோடு ஒத்து இழுக்க அறியாதவன் தேருக்கே தடையாகின்றான். திறந்த மூல மென்பொருள் ஆக்கமும் இத்தகையதே.

மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்பதே இதன் அடிப்படை. 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் உருவாக்கி வந்த இயங்குதளத்தைப் பற்றி அறிவித்து, அதில் எவ்வெவ் வசதிகள் வேண்டும் எனப் பிறரைக் கேட்டார். முடித்த பணியைக் காட்டிப் புகழ் தேடவில்லை. முடியாத பணியைக் காட்டிக் கருத்து வேண்டினார். லினக்ஸ் பிறந்த வரலாறு இதுவே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

இத்தகைய பணியில் சேரப் பேரறிஞனாக இருத்தல் வேண்டுமோ என மாணாக்கர் தயங்குவர். வேண்டியதில்லை. எழுதுவதற்கு முன் படிக்கும் பழக்கமே முதல் தேவை. பிறர் எழுதிய நிரலைப் பொறுமையுடன் படிப்பவனுக்கே அதன் குறை புலப்படும். குறையைக் கண்டவன், தான் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என மூன்றையும் தெளிவுற எழுதினால், அதுவே ஒரு பங்களிப்பாகும். விளக்கக் குறிப்பிலுள்ள பிழையைத் திருத்துவதும், திரையில் தோன்றும் சொற்களைத் தாய்மொழியில் பெயர்ப்பதும் அவ்வாறே. நிரலையே திருத்த முனைவோர், மாற்றங்களை வரலாறுபோல் பதிவு செய்யும் ‘கிட்’ என்னும் கருவியைப் பழகுதல் நன்று. 2005இல் அதனைப் படைத்தவரும் தோர்வால்ட்ஸே. லினக்ஸில் ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றமே இருத்தல் வேண்டும்; அதன் காரணமும் உடன் எழுதப்பெறல் வேண்டும்.

திறனினும் அரியது மனப்பாங்கு. முதலில் அனுப்பும் திருத்தம் பெரும்பாலும் குறைகள் சுட்டப்பெற்றுத் திரும்பி வரும். சிவப்பு மை படிந்த கட்டுரை ஏட்டைக் கிழித்தெறியும் மாணவனும் உண்டு. அதனைப் பார்த்து மீண்டும் எழுதும் மாணவனும் உண்டு. பின்னவனின் பெயரே திருத்தப் பதிவேட்டில் இடம்பெறும். சுட்டப்பட்டது நிரலின் குறையேயன்றித் தன் குறையன்று என உணர்பவன் மனம் சோரான்.

திருத்துவோருக்கும் கடமை உண்டு. தம் கடுஞ்சொற்கள் பலரைப் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு, 2018 செப்டம்பரில் தோர்வால்ட்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். சில காலம் பணியிலிருந்து விலகியும் இருந்தார். அப்போதே லினக்ஸ் பணிக்குப் புதிய நடத்தை நெறியும் வகுக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் வழிநடத்தியவரும் கற்க வேண்டியிருந்தது பணிவையே.

பிழையைச் சுட்டும்போது கனிவும், சுட்டப்பெறும்போது பணிவும் வகுப்பறையிலேயே பழக வேண்டியவை. அவற்றைப் பழகிய மாணவன் எந்தத் தேரின் வடத்தையும் அஞ்சாது பற்றுவான்.