சன்னல் திறக்காத வீடு

“அக்கா, இந்த வீட்டில் ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடி பார்க்கலாம்” என்றாள் என் தங்கை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் அவளுக்குக் குடித்தனம். பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போனவளை, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனாள்.

கிளான் என்ற ஊரில் சாலையோரமாக ரோஜா வர்ணத்தில் லட்சணமான வீடு. ஓட்டுக்கூரை, சன்னல்கள் எல்லாம் இருந்தன. துணி உலர்த்தக் கொடிதான் காணோம். கிட்டே போனால், அடேயப்பா, சன்னல்கள் அத்தனையும் சுவரில் தீட்டிய சித்திரம்! இரண்டரை மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் சுவர். 1940-ல், வீடு மாதிரியே வேஷம் போட்டுக் கட்டிய கோட்டையாம். 2006 முதல் மியூசியம். எல்லா நாளும் திறப்பதில்லை. போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜூரா மலையடிவாரத்திலிருந்து ஏரி வரை, பத்து கிலோமீட்டருக்கு முக்கோணக் கான்கிரீட் கட்டிகள் வரிசையாக நிற்கின்றன. சுமார் 2,700, ஒவ்வொன்றும் ஒன்பது டன். எதிரியின் டாங்கிகளைத் தடுக்க வைத்தவை. டோப்லரோன் சாக்லெட் போலிருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அதன் ஓரமாக நடைபாதை. நிழலான மரங்கள், ஓடைச் சத்தம். தள்ளுவண்டியைத்தான் பாதி தூரம் தூக்க வேண்டியிருந்தது!

தங்கை சொன்ன இன்னொரு விஷயம்தான் மனசை விட்டுப் போகவில்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் சுவிட்சர்லாந்தைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஜெர்மனியும் அதன் கூட்டாளியும்தான். ஜூலை 25 அன்று தளபதி ஹென்றி கீசான் ரூட்லி புல்வெளியில் அதிகாரிகளைக் கூட்டினார். படையெடுப்பு வந்தால் ராணுவத்தின் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலைக்கோட்டைகளுக்குள் போய் நின்று போராடும் என்பது திட்டம். எல்லையோரக் கட்டிகள் எதிரியைக் கொஞ்சம் தாமதப்படுத்த மட்டுமே.

ஆனால் ஜனங்களில் பெரும்பாலோர் இருப்பது சமவெளியில் அல்லவா? பெண்டு பிள்ளைகள்?

“அவங்க கீழேயேதான்” என்றாள்.

மலைக்குப் போகும் புருஷனுக்குப் பை கட்டிக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு கதவைச் சாத்திக்கொள்ளும் ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். நல்லவேளை, படையெடுப்பு வரவேயில்லை.

“நாமா இருந்தாலும் கீழேதானே, அக்கா?”

பதில் சொல்வதற்குள் குழந்தை பசிக்கு அழுதது. பாசி படர்ந்த கட்டியில் சாய்ந்து அவள் பாலூட்ட உட்கார்ந்தாள். முதுகுக்குச் சில்லென்று இருக்குமே என்று என் சால்வையை மடித்து இடையில் வைத்தேன்.