வேலை விசாரித்தல்

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளில் கடல் கடந்து பொருளீட்டப் போவதைச் ‘சபுர்’ என்றும், போகின்றவரைச் ‘சபுராளி’ என்றும் கூறுவர். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு விசா வந்துவிட்டதென்றால், அவ்வீட்டில் முதலில் நடப்பது கொண்டாட்டமன்று, விசாரிப்பு. முதலாளி எப்படிப்பட்டவர்? மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வருகின்றதா? நம்மூரார் எவரேனும் அங்கே இருந்து திரும்பியதுண்டா? விடுமுறையில் வந்திருக்கும் சபுராளி ஒருவரைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் கண்டு கேட்டால், பாதி விடை கிடைத்துவிடும். ஆளனுப்பும் முகவர்கள் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்னும் சட்டம் 1983ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மக்களைக் காத்தது பெரிதும் இந்த வாய்வழி விசாரிப்பே. ஏமாந்தவர்கள் இல்லையா எனில், இருந்தார்கள். ஆயினும் ஒருவர் ஏமாந்த செய்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊரெங்கும் தெரிந்துவிடும்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் கணினி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த விசாரிப்பு வாய்க்கவில்லை. இதனை நாம் பட்டறிந்தே கற்றுக்கொண்டோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் நம் வட்டாரத் தென்னைகளை வேரோடு சாய்த்ததை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தென்னையையே நம்பியிருந்த குடும்பம் ஒன்றின் மகன் நம் மாணவன். புதுக்கன்று காய்க்க ஆண்டுகள் பல செல்லும். அதுவரை வீட்டைத் தாங்கவேண்டியவன் அவனே. பட்டம் பெற்றபின் சென்னையில் ஒரு புத்தொழில் நிறுவனத்திலிருந்து பணியாணை வந்தது. “ஐயா, போகலாமா?” என்று அதனை நம்மிடம் நீட்டினான். ஆண்டு ஊதியம் இலட்சக் கணக்கில் இருந்தது. கோடிக்கணக்கில் முதலீடு பெற்ற நிறுவனம் என்று நாளிதழ்ச் செய்தி ஒன்றையும் காட்டினான். கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தின் படத்தையும் பார்த்தோம். “தாராளமாகப் போ, தம்பி” என்றோம்.

சில மாதங்கள் ஊதியம் வந்தது. பின்னர் மூன்று மாதங்கள் ‘முதலீடு வந்துகொண்டிருக்கிறது’ என்னும் செய்தி மட்டுமே வந்தது. ஒருநாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஊதியச் சீட்டில் பிடித்துக்கொண்ட வருங்கால வைப்புநிதியும் கட்டப்படவில்லை என்பது அதன்பின் தெரிந்தது. ஊர் திரும்பியவன் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெருஞ்சுமையாயிற்று.

வேலை தேடித்தரும் தளங்களுக்கு இந்நாளில் பஞ்சமில்லை. சஞ்சீவ் பிக்சந்தானி 1997இல் ‘நௌக்ரி’யைத் தொடங்கியபோது, நாளிதழ் விளம்பரங்களைத் தொகுத்துத் தட்டச்சு செய்தே தளத்தை நிரப்பினார்கள். எங்கே வேலை இருக்கிறது என்னும் வினாவுக்கு அது விடை தந்தது. அங்கே போகலாமா என்பது வேறு வினா. அதற்கு விடைகாண முயன்றது அமெரிக்காவில் 2007இல் நிறுவப்பட்ட ‘கிளாஸ்டோர்’. பணியாற்றியவர்களே பெயர் சொல்லாமல் தம் நிறுவனத்தைப் பற்றி எழுதலாம் என்பது அதன் ஏற்பாடு. இந்தியாவில் ‘ஆம்பிஷன்பாக்ஸ்’ அத்தகையது. பல்லாயிரம் பேர் பணிபுரியும் நிறுவனத்தை அறிய இவை உதவும். இருபது பேர் வேலை செய்யும், நேற்று முளைத்த நிறுவனத்தைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்? எழுதியிருந்தாலும், முதலாளி எழுதச் சொன்னதா என்னும் ஐயம் நீங்காது.

எனவே கணினித்துறை நண்பர்கள் இருவரின் துணையோடு, நம் மாணவர்களுக்கென ஒரு சிறு தளம் அமைக்க முற்பட்டோம். வேலை அறிவிப்பின் பக்கத்திலேயே அந்நிறுவனத்தைப் பற்றிச் சரிபார்க்கத் தக்கவை இருக்கவேண்டும் என்பது நோக்கம். தேடிப் பார்த்தபோது, கேட்காமல் விட்டோமே தவிர, விடைகள் பல பொதுவெளியிலேயே கிடந்தன என்பது புலப்பட்டது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் நிறுவனம் பதிவான நாள், செலுத்தப்பட்ட மூலதனம், கடைசியாக ஐந்தொகை தாக்கல் செய்த ஆண்டு ஆகியவற்றைக் காணலாம். இருபது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள் வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின்கீழ் வரும். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய தொகையை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் கட்டவேண்டும். கட்டுகின்றதா என்பதை வைப்புநிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டே தேடலாம். நிறுவனம் நொடிக்கும்போது முதலில் நிற்பது பெரும்பாலும் இந்தத் தொகைதான். நம் மாணவனுக்காக அன்று பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் போதும்.

பதிவேட்டில் கிடைக்காததை நேர்முகத்தேர்வில் கேட்டறிய வேண்டும். கையிருப்புப் பணம் எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்பது முதற்கேள்வி. குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது, அது அடுத்த அறுவடை வரை வருமா என்று கணக்குப் பார்க்காத வீடு நம் தஞ்சைத் தரணியில் உண்டோ? அதே கணக்குத்தான் இதுவும். அடுத்து, ஊதியத்தில் ஒரு பகுதியைப் பங்குகளாகத் தருவதாகச் சொன்னால், அவை எப்போது கைக்கு வரும் என்று கேட்கவேண்டும். ஓராண்டுக்கு முன் உரிமை பிறக்காது என்பது நம் நாட்டு விதி. சென்னையில் தொடங்கிய ‘பிரெஷ்வொர்க்ஸ்’ 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் இடம்பெற்றபோது ஊழியர் ஐந்நூற்றுவருக்கு மேல் கோடீசுவரர் ஆனார்கள் என்பது உண்மையே. 2022இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட ‘பைஜூஸ்’ 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானதும் உண்மையே. பங்கு என்பது காய்த்த தென்னையன்று, கன்று.

இவையெல்லாம் எளிதாகவே முடிந்தன. இடர்ப்பட்டது வேறோரிடத்தில். முன்பு பணியாற்றியவர்கள் வாய்திறக்க மறுத்தார்கள். “அடுத்த கம்பெனியில் கேட்பார்கள், ஐயா” என்றார் ஒருவர். ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள் அவரினும் மிகுதி. ஊர்ப் பெரியவர் ஒருவரோ, “ஒரு முதலாளியின் குறையை அவர் இல்லாத இடத்தில் எழுதிவைப்பது கீபத் ஆகாதா? அது ஹராம் அல்லவா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. சில நாட்கள் வேலையையே நிறுத்திவைத்தோம்.

மார்க்கம் கற்ற நண்பர் ஒருவர் நினைவூட்டியது ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி. முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவர் தம்மைப் பெண் கேட்டிருப்பதாக அவ்வம்மையார் கூறியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரது வறுமையையும் மற்றவரது கடுமையையும் ஒளிக்காமல் எடுத்துரைத்து, உஸாமாவை மணக்குமாறு வழிகாட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. பிறர் குறையைச் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி தம் ரியாளுஸ் ஸாலிஹீனில் தொகுக்கும்போது, ஆலோசனை கேட்பவரை எச்சரிப்பதையும் அவற்றுள் சேர்த்துள்ளார். கேட்டவருக்கு, தேவைப்பட்ட அளவில், உண்மையைச் சொல்வது புறங்கூறலன்று. பெரியவர் கேட்டுத் தலையசைத்தார். “அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

வள்ளுவரின் ஐம்பத்தோராம் அதிகாரமான தெரிந்துதெளிதலும் அப்போது நினைவில் எழுந்தது. அரசன் ஆளைத் தேர்ந்து தெளியச் சொல்வது அது. ஆள் அரசனைத் தேர்வதற்கு அங்கே அதிகாரம் இல்லை. அக்காலத்தில் அதற்கு வழியும் இல்லை!

அந்த அளவையே தளத்தின் விதியாக்கினோம். பணியாற்றியவர் மட்டுமே எழுதலாம். அதற்குச் சான்றாகப் பணியாணையை நம்மிடம் காட்டவேண்டும். ஊதியம் வந்த நாள், வராத மாதம், பிடித்தம், பணிநேரம் ஆகியவற்றையே எழுதலாம். முதலாளியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. நிறுவனத்தின் மறுமொழிக்கு அதே பக்கத்தில் இடமுண்டு. பொதுநன்மைக்காகச் சொல்லும் உண்மை அவதூறாகாது என்று சட்டம் விலக்களித்திருப்பினும், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டியபின்னரே வெளியிட்டோம்.

முதற்பதிவை எழுத அந்த மாணவனையே கேட்டோம். தயங்கினான், ஒரு வாரம் கழித்து அனுப்பினான். மூன்று மாத ஊதியம் வரவில்லை, வைப்புநிதி கட்டப்படவில்லை என்று தேதிகளோடு எழுதியிருந்தான். நல்லவை என்னும் இடத்தில், குழுத்தலைவர் இரவெல்லாம் உடனிருந்து வேலை கற்றுத்தந்ததையும், கடைசி மாதம் தம் கைப்பணத்திலிருந்து விடுதிக் கட்டணம் கொடுத்ததையும் குறித்திருந்தான். இதுபோன்ற புதிய நிறுவனத்துக்கு நண்பனை அனுப்புவீர்களா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு அவன் எழுதியது: “அனுப்புவேன். வீட்டில் கடன் உள்ளவனை அனுப்பமாட்டேன்.”