டேஷ்போர்டு பெட்டியின் சாவி

காரில் ஓட்டுநருக்கு இடப்பக்கம், முன் சீட்டுக்கு எதிரே மூடி போட்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். இங்கிலீஷில் அதற்கு 'குளோவ் பாக்ஸ்' என்று பேர். கையுறைப் பெட்டி. மோட்டார் வண்டி வந்த புதுசில் மேலே கூரை கிடையாது, குளிருக்கு மறைப்பு கிடையாது. கை விறைத்துப் போகாமலிருக்க ஓட்டுகிறவர் கையுறை போட்டார். அதைக் கழற்றி வைக்கத்தான் பெட்டி. ஓட்டுகிற கைக்காகச் செய்த பெட்டி அது. நம்ம ஊரிலோ, ஓட்டுகிறவர் மட்டும் அதில் கை வைக்கக் கூடாது.

கையுறை என்றாலே நமக்கு வேறு ஞாபகம் வரும். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013ல் வந்தது. அதற்கப்புறமும் கையுறை இல்லாத கைகள் குழிக்குள் போய்ப் பிணமாக வந்தன. கையுறைக்கு என்று தனிப் பெட்டி வைத்த வண்டிகள் அந்தக் குழிகளைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தன.

எங்கப்பா கார் டிரைவர். குறிஞ்சிப்பாடிதான் ஊர். நெய்வேலியில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்த ஒருவரிடம் 1991லிருந்து 2012 வரை, 21 வருஷம் அம்பாசடர் ஓட்டினார். மார்க் 4, டீசல் வண்டி. முதலாளி அப்பாவைவிட வயசில் சின்னவர். அவர் கூப்பிடுவது 'வாடா', அப்பா சொல்வது 'ஐயா'. முதலாளியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பொண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கொண்டு போவது, ராத்திரி ரெண்டு மணிக்குச் சென்னை கிளம்புவது எல்லாம் அப்பா கையில். உயிரை நம்பிக் கொடுத்தார்கள். பெட்டிச் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. வண்டிச் சாவி அப்பாவிடம், பெட்டிச் சாவி ஐயா இடுப்பில்.

வண்டிக் காகிதமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். ஆனால் ரோட்டில் மறித்துக் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியவர் ஓட்டுகிறவர். ஐயாவைச் சென்னையில் விட்டுவிட்டுத் திரும்பிய ஒரு ராத்திரி, சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"காயிதம் எங்கடா?"

"பெட்டிக்குள்ள இருக்குதுங்க. சாவி ஐயாகிட்ட."

"திருட்டு வண்டியா? எந்தத் தெருடா நீ?"

காகிதம் கேட்டவர் எதற்குத் தெருவைக் கேட்டார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற வரைக்கும் அப்பாவை நிற்க வைத்தார்கள். காலையில் போன் போட்டு ஐயா ஒரு வார்த்தை சொன்னதும் விட்டார்கள். அதற்கப்புறமும் சாவி வரவில்லை.

பிர்லாக்களின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் செய்வதை 2014 மே மாசம் நிறுத்தியது. கலெக்டரும் மந்திரியும் போய் இறங்கிய வண்டி பழசாகிப் போனது. அதே வருஷம், ஷெட்டில் தூசு படிந்து கிடந்த அந்த மார்க் 4 பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தது. சீட்டுப் பணத்தையும் கன்னுக்குட்டி விற்ற காசையும் போட்டு அப்பா வாங்கிவிட்டார். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறியது. பெட்டிச் சாவி எங்கேயோ தொலைந்து போச்சாம்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அப்பா அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கடகடவென்று உருளும். "ஒடச்சிப் பாக்கலாம்பா" என்பேன். "கெடக்கட்டும். அது ஐயா பெட்டி" என்பார். தன் பேரில் இருக்கிற ஆர்.சி. புத்தகத்தை மஞ்சப் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். சொந்த வண்டியில் வாடகைக்கு உட்கார்ந்த மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த எட்டு வருஷத்தின் மேல்தான். அந்த 21 வருஷத்துக்கு ஒரு முதலாளி இருந்தார். இந்த எட்டுக்கு யாரும் இல்லை.

2022 தை மாசம் பேசிப் பேசி ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். வடலூர் நால்ரோட்டுப் பக்கம் பூட்டு ரிப்பேர் செய்கிற பாயிடம் வண்டியைக் கொண்டு போனோம். பூட்டு முகத்தில் நம்பர் இருந்தால் அதை வைத்தே சாவி வெட்டிவிடலாம் என்றார். நம்பர் தேய்ந்து போயிருந்தது. இந்த மாதிரிப் பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுற்றும். எங்கள் பூட்டில் தகடுகள் களிம்பேறி இறுகிக் கிடந்தன. துளை போடுவது தவிர வழியில்லை. பாய் டிரில்லை எடுத்ததும் அப்பா இறங்கிப் போய் புளியமரத்தடியில் திரும்பி நின்றுகொண்டார்.

சாவித் துளையிலேயே முதலில் சின்ன பிட், அப்புறம் பெரிய பிட். பித்தளைத் தூள் துணியில் கொட்டியது. ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருப்பினார், நாக்கு உள்ளே போச்சு, மூடி விழுந்தது.

உள்ளே துருப்பிடித்த டார்ச் லைட், டீசல் பில்லுகள், ஒரு நோட்டு. உருண்டது டார்ச். நோட்டில் தேதிவாரியாக வண்டி ஓடின கிலோமீட்டர், போட்ட டீசல், எல்லாம் ஐயா கையெழுத்து. சில தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி. டிரைவர் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் பின்னால் டிரைவருக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு. அதைத்தான் அத்தனை வருஷம் அப்பா பக்கத்தில் வைத்தே ஓட்டியிருக்கிறார்.

அப்பா வந்து நோட்டை வாங்கினார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேள்வி மட்டும்தான் போட முடிஞ்சிது அந்தாளால" என்றார். அப்பா வாயிலிருந்து 'ஐயா' போய் 'அந்தாளு' வந்தது அன்றைக்குத்தான்.

பூட்டு மாற்றுவது பெரிய வித்தையில்லை. மூடிக்குப் பின்னாலிருக்கும் பெரிய நட்டைக் கழற்றினால் பழைய உருளை முன்பக்கம் வந்துவிடும். துளையின் விட்டம், மூடியின் தடிமன், உருளையின் நீளம், நாக்கு எந்தப் பக்கம் போகிறது, இந்த நாலையும் அளந்துகொள்ள வேண்டும். அம்பாசடரில் மார்க்குக்கு மார்க் டேஷ்போர்டு மாறியிருக்கிறது, ஆகவே பழைய பூட்டையும் கையோடு கொண்டு போவது நல்லது. சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பூட்டு கிடைத்தது, ரெண்டு சாவியோடு. பாய் மாட்டினார். நாக்கு போய் விழுகிற கொண்டித் தகட்டை ஒரு நூல் கீழே இறக்கியதும் மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எண்ணெய் விடாதீங்க, தூசு ஒட்டும், பென்சில் கரியைத் தூளாக்கிப் போடுங்க என்றார்.

காகிதம் யார் பெட்டியில் இருக்கிறதோ பொருள் அவருடையது. இது எங்கள் வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். நெய்வேலி நிறுவனம் 1956ல் தொடங்கியது. சுரங்கத்துக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களில் நிலம் எடுத்தார்கள். 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்குத்தான் இழப்பீடு பேசியது. அந்த நிலத்தில் நாத்து நட்டவள், களையெடுத்தவள் கணக்கில் இல்லை. நிலமில்லாமல் அதை நம்பிப் பிழைத்த கூலிக்காரக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுத 2013ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே, தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. தலைவர் பதவி அவருக்கு, நாற்காலி மற்றவர்களுக்கு. ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற பழைய வேலைதான் இதுவும்.

புதுச் சாவியில் ஒன்று அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது, இன்னொன்று அம்மாவிடம். மஞ்சப் பையிலிருந்த ஆர்.சி. புத்தகம் பெட்டிக்குள் போயிற்று. நோட்டை எரித்துவிடலாம் என்றாள் அம்மா. வேண்டாம், நம்ம நேர்மைக்கு அவங்களே எழுதிக் குடுத்த சாட்சி என்று நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேலை கொடுத்தோம், பதவி கொடுத்தோம், முன் சீட்டிலேயே உட்கார வைத்தோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?