தெப்பமும் தோணியும்

எழுமலையில் பிறந்தவனிடம் பருத்தியைப் பற்றிக் கேட்கலாம். சோளம், குதிரைவாலி பற்றிக் கேட்கலாம். மேற்கு மலையில் மேகம் இறங்கி நிற்கிறதே, மழை வருமா, ஏமாற்றுமா என்று கேட்டால் தயங்காமல் சொல்லுவான்; பாதி நாள் அது பலிக்கவும் செய்யும். ஆனால் அவனிடம் போய்ப் படகைப் பற்றி யோசனை கேட்பது நியாயமா? கண்மாய் பெருகி மறுகால் பாய்வதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே புண்ணியம் என்று இருக்கிறவர்கள் நாங்கள்.

என் தங்கை மகன் கேட்டுவிட்டான். அவன் இருப்பது அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில். பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று தங்கள் வண்டி எண் பலகையிலேயே எழுதிக்கொள்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரி. வண்டியில் போகிற தூரத்தில் மில் லாக்ஸ் என்னும் பெரிய ஏரி.

"மாமா, ரெண்டு படகு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டும் அலுமினியம். விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். எதை வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்றான்.

"ஏன் மாப்பிள்ளை, அங்கே படகு விற்கிறவனுக்கு வாய் இல்லையா?" என்றேன்.

"அவன் ரெண்டையும் வாங்கச் சொல்றான்."

இதற்குமேல் மறுக்க முடியவில்லை. இரண்டின் படத்தையும் அனுப்பச் சொன்னேன்.

ஒன்றைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. பனைமரத் தடி போல இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள். அவற்றின்மேல் தட்டையான தளம். சுற்றிலும் கம்பித் தடுப்பு, உள்ளே சாய்வு இருக்கைகள், மேலே ஒரு நிழல்துணி. பான்டூன் படகு என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, நம் தெப்பம்தான் அது! தைப்பூசத்தன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அம்மனும் சுவாமியும் எழுந்தருளுகிறார்களே, அந்தத் தெப்பம். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. கரையில் நிற்கும் ஜனங்கள் வடம்பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் அசையாமல் நகரும். வேறு கோயில் குளங்களில் காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பித் தெப்பம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மின்னசோட்டாவிலும் அப்படியேதான் தொடங்கியிருக்கிறது. ரிச்மண்ட் என்ற சிற்றூரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். குடும்பத்தோடு ஏறினால் சாதாரணப் படகைவிட இது ஆடாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரி.

(மதுரைக்காரர்களின் சாமர்த்தியத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. குளத்தில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் 'நிலைத்தெப்பம்' என்று பெயர் வைத்துத் தெப்பத்தைத் தரையிலேயே நிறுத்தி விழாவை நடத்திவிடுவார்கள். அன்றைக்குத் தெப்பம் கவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை.)

இன்னொன்று தோணி ஜாதி. முன்பக்கம் கத்திபோல் கூர்மையாக இறங்குகிறது; பின்னே போகப் போக அடிப்பாகம் தட்டையாகிறது. ஆங்கில 'வி' எழுத்தைக் கொஞ்சம் திருத்தி அமைத்ததால் திருத்திய 'வி' என்கிறார்கள். முன்னால் இருக்கும் கூர்மை அலையை வெட்டும். பின்னால் இருக்கும் தட்டை, வேகமெடுத்ததும் படகைத் தண்ணீர்மேல் ஏற்றி வழுக்கி ஓடச் செய்யும்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழக்கு நேற்று வந்ததல்ல. நம் கரையிலேயே நூற்றாண்டுகளாக நடக்கிறது. சோழமண்டலக் கரையில் துறைமுகமென்று ஒதுங்க இடமில்லை. அலை மணலில் நேராக வந்து உடையும். அங்கே ஆழமான அடியுள்ள படகைக் கொண்டுபோனால் அலை பக்கவாட்டில் திருப்பி உருட்டிவிடும். ஆகவே நம் மீனவர் நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கட்டுமரம் என்றார்கள். அலை அதன்மேல் ஏறும், இடுக்கு வழியே இறங்கிவிடும்; இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை, மூழ்கவும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள்; இல்லாவிட்டால் நீர் குடித்துக் கனத்துவிடும். ஏறுகிறவன் நனைவது ஒன்றுதான் குறை. தெற்கே தூத்துக்குடிக்குப் போனால் கதை வேறு. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணிகளுக்கு ஆழ்ந்த வயிறு வேண்டியிருந்தது. கட்டைமேல் மூட்டையை வைத்துக் கடல் தாண்ட முடியுமா? ஒரே தமிழன், ஒரே கடல். கரையும் காரியமும் வேறானதால் விடையும் வேறாயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து கட்டுமரம் குறைந்துபோனது. ஆனாலும் சொல் பிழைத்துக்கொண்டது. ஆங்கிலேயர் அதைக் 'கட்டமரன்' என்று கொண்டுபோய், இரட்டை அடியுள்ள படகுகளுக்கெல்லாம் பெயராக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் மருமகன் பார்த்து வைத்திருக்கும் பான்டூனும் நமக்குப் பேரன் முறை.

"ஏரி எப்படி?" என்று மறுநாள் கேட்டேன். சின்ன ஏரியில் காற்றடித்தால் சிற்றலைதான். மில் லாக்ஸ் அப்படியல்ல. ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஆழமோ அதிகபட்சம் நாற்பத்திரண்டு அடி. பரப்பு பெரிது, ஆழம் குறைவு என்றால் காற்று வந்த சற்று நேரத்திலேயே குட்டையான, நெருக்கமான, முரட்டு அலை எழும். அங்கே தெப்பம் தொந்தரவு. முன்தளம் அலைக்கு அடியில் குத்தினால் தண்ணீர் மேலே ஏறும். தடுப்பும் நிழல்துணியும் காற்றைப் பிடித்துக்கொண்டு படகை இழுக்கும். தோணி அங்கே ராஜா. மருமகனும் அவன் பையனும் வால்ஐ என்ற மீனுக்குத் தூண்டில் போடப் போவது அங்கேதான்.

"அப்புறம் என்ன யோசனை? தோணியை வாங்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா வராங்க மாமா, ஜூன்ல" என்றான்.

அப்போதுதான் கேள்வி என்னவென்று எனக்குப் புரிந்தது. என் தங்கைக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் போய், வாக்கர் பிடித்து நடக்கிறாள். நாங்கள் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகிய காலத்தில், அவள் கிணற்று மேட்டில் எங்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தாள். பெண்பிள்ளையை யார் இறங்கவிட்டார்கள்? தண்ணீர்மேல் அவளுக்கு அப்போதே ஆசை உண்டு. கல்யாணமான பிறகு தேக்கடிக்குப் போய்ப் படகேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பென்னிகுக் கட்டிய அணையில் தேங்கும் அந்த ஏரியின் தண்ணீர்தான் 1895 முதல் மலையைக் குடைந்து வந்து மதுரைச் சீமைக்குச் சோறு போடுகிறது. அதில் ஒருமுறை மிதக்க வேண்டும் என்பது பேராசை இல்லை. ஆனால் 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் மாண்டார்கள். மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதைப் பற்றியும், படகின் நிலைத்தன்மைக் குறையைப் பற்றியும் பிறகு விசாரணைகளில் பேசப்பட்டது. அன்றிலிருந்து தங்கை படகென்ற பேச்சை எடுப்பதில்லை.

போன முறை அங்கே போயிருந்தபோது மருமகன் வாடகைக்கு ஒரு தோணி எடுத்திருக்கிறான். அவள் ஒரு காலை வைத்தாள், படகு அந்தப் பக்கம் சாய்ந்தது, காலை எடுத்துவிட்டாள். அந்த வகைப் படகின் சுபாவம் அது. முதலில் சட்டென்று சாயும். சாய்ந்த பக்கம் தண்ணீரில் பதிந்த பிறகுதான் எதிர்த்து நிற்கும். தெரிந்தவனுக்குப் பயமில்லை. முழங்கால் இல்லாதவளுக்கு அந்த முதல் சாய்வே போதும். அன்று முழுவதும் கரையில் நாற்காலியில் உட்கார்ந்து மகனையும் பேரனையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுபடியும் சட்டைக்குக் காவல்!

தெப்பம் சாயாததற்குக் காரணம் தராசுக் கோல்தான். இரண்டு குழாயும் நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. ஒரு பக்கம் பாரம் ஏறினால் அந்தக் குழாய் இன்னும் கொஞ்சம் அமிழ்கிறது. அமிழ்ந்த அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. தள்ளும் இடம் நடுவிலிருந்து தூரமானதால் சிறு தள்ளலும் பெரிய பலமாகிறது. குழாயை உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்தால் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தாலும் முழுக்க நிரம்பாது. அதை விற்பவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தளம் தாழ்வாகவும் பரப்பாகவும் இருக்கிறது. தேக்கடிப் படகைப்போல மாடி கிடையாது. ஆனால் இத்தனை பேர்தான் என்று தகட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைத் தெப்பமானாலும் மீறக்கூடாது. மிதவைச் சட்டையும் எல்லோருக்கும் வேண்டும்.

"தெப்பத்தை வாங்கு, மாப்பிள்ளை. சின்ன ஏரியிலே விடு. மில் லாக்ஸ் எங்கேயும் போகாது. காற்றில்லாத காலையிலே வாடகைத் தோணியிலே நீயும் பையனும் போய் வாங்க. உன் அம்மா முழங்கால் இன்னும் எத்தனை ஜூன் தாங்கும்னு நினைக்கிறே?" என்றேன்.

பையன் முகம் வாடும் என்றான். வாடட்டும், பன்னிரண்டு வயதுக்கு வாட்டம் இரண்டு நாள். அதோடு, தெப்பத்திலிருந்தும் தூண்டில் போடலாம். மீனுக்குப் படகின் வடிவம் தெரியாது.

தங்கையிடம் நானே பேசினேன். "அண்ணே, கவுறாதுல்ல?" என்றாள். தெப்பக்குளத்துத் தெப்பம் மாதிரி என்றேன். "அதுல சாமியில்ல போகும்" என்றாள். சிறிது பொறுத்து, "உட்கார முதுகு வச்ச நாற்காலி இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

போன வாரம் மருமகன் மறுபடி கூப்பிட்டான். விற்பனைக் கொட்டகையிலேயே நின்றுகொண்டு, படகின் பக்கவாட்டுக் கதவை அளந்துகொண்டிருந்தான். கதவின் அகலம் இவ்வளவு, அம்மாவின் வாக்கர் அகலம் எவ்வளவு, சீக்கிரம் அளந்து சொல்லுங்கள் என்றான். தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தேன்.